கோட்டை காணப் போனோம்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் நான்கைந்து சிறுவர்கள் ஒரு படப் புத்தகத்தின்மேல் தலைகளைக் கவிழ்த்தபடி நின்றனர். ஸ்பெயின் நாட்டின் பழங்கோட்டைகளைப் பற்றிய புத்தகம் அது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சிற்றப்பா ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். குன்றின் உச்சியில் ஒரு கோட்டை, அடிவாரத்தில் ஓட்டுக் கூரைகளோடு ஓர் ஊர், ஊருக்கு நடுவே கோயில் மணிக்கூண்டு, பக்கந்தோறும் இப்படியே. புத்தகத்துக்கு உரியவன் நம்மை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு கோட்டைகூட இல்லையா?" என்று கேட்டான்.

நாம் விடை கூறவில்லை. அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டோம். "லீத் காசில் தெரு" என்றான். "காசில் என்றால் என்ன பொருள்?" என்றோம். சற்று விழித்தான். கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். அதே சொல் அங்கே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும்போது ஒரு கோட்டையின் பெயரைத் தாண்டியே போகிறோம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், உடன் நின்ற பெற்றோர் சிலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சிரிப்பின் விளைவாக ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கோட்டை காணப் புறப்பட்டோம். அங்கே கண்டதையும், அதனால் நாம் நாணமுற்றதையும் இத்திங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சவேரியார் பிறந்த கோட்டை

முதலில் அப்புத்தகத்தைப் பற்றிச் சில சொற்கள். ஸ்பெயினின் நடுப்பகுதிக்குக் காஸ்தீல் என்று பெயர். கோட்டைகளின் நாடு என்பது அப்பெயரின் பொருள். இஸ்லாமிய அரசர்களுக்கும் கிறிஸ்தவ அரசர்களுக்கும் இடையே எல்லைக்கோடு பல நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்த நாடு அது. ஆகவே குன்றுதோறும் ஒரு காவற்கோட்டையும், அதை அண்டி ஓர் ஊரும் தோன்றின. ஆவிலா நகரைச் சுற்றி ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் இன்றும் முழுமையாக நிற்கிறது. அந்நகரில் 1515-இல் பிறந்த புனித தெரேசம்மாள், 1577-இல் ஆன்ம வாழ்வைப் பற்றி நூல் எழுதியபோது, மனித ஆன்மாவைப் பல அறைகள் கொண்ட ஒரு கோட்டையாக உருவகித்தார். இளமை முதல் மதிலைப் பார்த்தே வளர்ந்தவருக்கு அவ்வுவமை இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருங்கிய கோட்டை ஒன்று அந்நாட்டின் வடபகுதியான நவாரில் உள்ளது. அதன் பெயர் ஹவியேர். 1506-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டை அது. 'புதுவீடு' என்று பொருள்படும் பாஸ்கு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர்; அதுவே சவேரியார் எனத் தமிழில் வழங்குகிறது. ஆகவே சவரிமுத்து என்றும் சவேரியம்மாள் என்றும் நம் வீடுகளில் கூப்பிடும்போதெல்லாம், ஸ்பெயின் நாட்டுக் கோட்டை ஒன்றின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அக்கோட்டைக்கு நேர்ந்தது யாது? 1512-இல் காஸ்தீல் அரசு நவாரைக் கைப்பற்றியது. 1516-இல், நவார் மீண்டும் தலைதூக்காதிருக்கும் பொருட்டு, அங்குள்ள கோட்டைகளை இடிக்குமாறு ஆணை பிறந்தது. ஹவியேரின் மதில்கள் இடிக்கப்பட்டன, கோபுரங்கள் குறைக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. அப்பொழுது சவேரியாருக்கு வயது பத்து. அதற்கு முந்திய ஆண்டுதான் தந்தை இறந்திருந்தார். வீட்டின் மதிலை அயலார் கடப்பாரையால் இடிப்பதை வாசலில் நின்று பார்த்த சிறுவன் அவர்.

கதை அத்தோடு முடியவில்லை. 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் போர் நடந்தது. காஸ்தீல் தரப்பில் கோட்டையைக் காத்து நின்ற இஞ்ஞாசியாரின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. நவாரின் உரிமைக்காக எதிர்த்தரப்பில் போரிட்டவர்களுள் சவேரியாரின் அண்ணன்மாரும் இருந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் பாரிஸ் நகரில் அதே இஞ்ஞாசியாரும் சவேரியாரும் ஒரே அறையில் தங்கிப் படித்தனர், பிரியாத நண்பராயினர். கோட்டைக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

1516 என்னும் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மயிலாப்பூரில் 'காட்டுக் கோயில்' என மக்கள் வழங்கும் லஸ் மாதா கோயிலின் கல்வெட்டு சுட்டும் ஆண்டும் அதுவே. அங்கே ஒரு கோட்டை இடிந்தது. இங்கே ஒரு கோயில் எழுந்தது. இடிந்த கோட்டையின் பிள்ளை 1545-இல் நம் சாந்தோமுக்கு வந்து, பங்குக் குருவின் இல்லத்தில் ஏறக்குறைய நான்கு திங்கள் தங்கி, தோமையார் கல்லறையருகே செபித்து, இங்கிருந்தே கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேறினார்.

கண்ணுக்குத் தெரியாத மதில்

வெளியூர் போகுமுன் உள்ளூரைப் பார்ப்பதென முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளும் பெரியோருமாகப் பேராலய வாசலில் கூடினோம். குழுவில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'டீச்சரம்மா'. வழிகாட்டும் பொறுப்பை அவரிடமே விட்டோம்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. போர்த்துக்கீசியர் 1523-இல் தோமையாரின் கல்லறையாகப் போற்றப்படும் இடத்தில் பழுதுற்றிருந்த சிறு கோயிலைப் புதுப்பித்தனர். அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பின்னர் ஊரைச் சுற்றி மதில் வளர்ந்தது. ஆங்கிலேயர் 1639-இல் சென்னைப்பட்டினத்தில் நிலம் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே ஓர் ஐரோப்பிய நகரம் இருந்தது. 1606-இல் அது தனி மறைமாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கோல்கொண்டாப் படை நிலத்திலும் டச்சுக்காரர் கடலிலும் அவர்களை வளைத்துக்கொண்டனர். உணவின்றி 1674 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை பணிந்தது. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மதில்கள் தரைமட்டமாயின. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே ஒரு சிறு காவலரண் வைத்திருந்தனர். அவ்விடத்தில் அமைந்த மாளிகை பின்னர் லீத் என்னும் படைத்தலைவரின் பெயரைப் பெற்றது. நம் சிறுவனின் தெருப் பெயருக்கு அதுவே மூலம்.

"அப்படின்னா மதில் எங்கே டீச்சரம்மா?" என்று பிள்ளைகள் கேட்டனர். சாந்தோம் நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. மீன் கூடைகளோடு மகளிர் நொச்சிக்குப்பம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தனர். மதிலைக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. கைப்பையைத் திறந்து தம் வீட்டுச் சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது என்ன?" என்றார். "சாவி" என்றனர். "இது போர்த்துக்கீசியச் சொல். சன்னல், அலமாரி, மேசை, வராந்தா, ஏலம், பாதிரி எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. நம் நாக்கு இடம் கொடுத்ததால் அவை இன்னும் இருக்கின்றன. மதிலுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?" என்றார்.

ஒன்றை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கடற்கரையை அடுத்திருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்றும், இன்று மயிலைக் குளக்கரையில் விளங்கும் கோயில் அதற்குப் பின் எழுந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். சாந்தோம் பகுதியில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. இதைச் சொல்லும்போது பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் நம் மதில் இடிந்ததை மட்டும் துயரத்தோடு சொல்லி, நம்மவர் என நாம் எண்ணுவோர் இடித்ததை விழுங்கிவிட்டால், பிள்ளைகளுக்கு நாம் கற்பிப்பது வரலாறாகுமா?

கடலோர வழியில்

இரண்டு வாரம் கழித்து ஒரு வேனில் புறப்பட்டோம். இட்லிப் பொட்டலங்களும் புளியோதரையும் ஒரு குடம் மோரும் வேனில் ஏறின. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால், கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம். அங்கே கடலை நோக்கி டச்சுக்காரரின் செங்கற்கோட்டை நிற்கிறது.

டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டின் இடையில் அங்கே வணிகம் செய்ய வந்தனர். சுற்றுவட்டார நெசவாளரின் மெல்லிய துணியே அவர்களை இழுத்து வந்தது. உள்ளே நுழைந்தால் படைவீடுகளைவிடப் பெரியவை கிடங்குகளே. கோட்டை என்று நாம் சொன்னாலும், பூட்டுப் போட்ட ஒரு பெரிய துணிக்கடை என்று சொன்னாலும் பிழையில்லை. 1781-இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17 அன்று இக்கரைக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. கோட்டை கை மாறி மாறி, 1825-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது.

கோட்டைக்குள் ஒரு சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குலச்சின்னங்களும் எழுத்துகளும் நுட்பமாகச் செதுக்கிய கற்கள். தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவில், அறியாத காய்ச்சலில் இறந்த வணிகர்களும் அவர்தம் வீட்டாரும் அங்கே துயில்கின்றனர். பிள்ளைகள் அதுவரை ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். அங்கே வந்ததும் எவரும் சொல்லாமலே அமைதியாயினர். தாய்மார் சிலர் நின்று ஒரு செபம் சொன்னார்கள். அக்கற்களைத் தொல்லியல் துறை வேலியிட்டுக் காத்துவருகிறது. எழுத்துகளைக் கையால் தடவிப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. இதை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

அங்கிருந்து மேலும் தெற்கே கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் ஆட்சியின் பிற்பகுதியில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. 1750-இல் முசாபர் ஜங், துய்ப்ளே செய்த உதவிக்குக் கைம்மாறாக இதைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். பத்தே ஆண்டுகளில், 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டனர். எஞ்சி நின்ற சுவர்களையும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தாக்கியது. இன்று கழிமுகத்து நீரோரத்தில் உடைந்த செங்கற்சுவர்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் நாணயம் அச்சிட்ட ஊர் அது. நாங்கள் சென்றபோது சுவர் நிழலில் ஒரு மீனவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் கட்டின கோட்டை ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "யாரோ ராஜா கட்டினதும்மா. இப்ப எங்க வலைக்கு நிழலு" என்றார் அவர். சுண்ணாம்பில் பதித்த சிறு செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீரோரத்தில் அமர்ந்து புளியோதரையை முடித்தோம்.

செஞ்சியில் நேர்ந்தது

மரக்காணம், திண்டிவனம் வழியாக மாலைக்குள் செஞ்சியை அடைந்தோம். திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர். இரவு தங்கி, மறுநாள் விடியலில் மலையேறத் தொடங்கினோம். வெயில் ஏறிவிட்டால் அப்பாறைகளில் கால் வைக்க முடியாது. செல்ல விரும்புவோர் குடிநீர் நிறைய எடுத்துச் செல்க. உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுச் செல்லற்க, குரங்குகள் விடமாட்டா.

ஸ்பெயின் புத்தகத்துச் சிறுவன் மலையடிவாரத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளை வளைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. ஆவிலா மதிலைப்போல் ஐந்து மடங்கு! ராஜகிரி 240 மீட்டர் உயரம். உச்சிக்குச் சற்று முன்பாகப் பாறை இரண்டாகப் பிளந்து ஆழ்ந்த பள்ளம் கிடக்கிறது. ஒரு சிறு பாலத்தைக் கடந்தே அப்பால் செல்ல முடியும். பாலத்தை இழுத்துவிட்டால் சிலர் மட்டும் நின்று ஒரு படையையே தடுத்துவிடலாம்.

கோன் மரபினர் தொடங்கினர் என்பது செவிவழி வரலாறு. விசயநகர ஆட்சியிலும் அதன்பின் வந்த நாயக்கர் ஆட்சியிலும் கோட்டை பெரிதாயிற்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைக் குருவான பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்த்துக்கல்லில் இதற்கு ஈடான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். கோட்டை மலிந்த ஸ்பெயினின் அண்டை நாட்டிலிருந்து வந்தவர் அவர். அவருக்கே வியப்பூட்டிய நகரத்தை நாம் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தாமலே கடந்து போகிறோம்.

1649-இல் பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677-இல் சிவாஜிக்கும் கோட்டை வசப்பட்டது. அவர் மகன் இராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டே 1698-இல் பிடிக்க முடிந்தது. நவாபின் பெரும் படையை எதிர்த்து 1714-இல் களத்தில் விழுந்த இளம் மன்னன் தேசிங்கை, ஊர் ஊராகப் பாடும் கதைப்பாட்டு இன்றும் வாழவைக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். அதன்பின் காக்க ஒன்றுமில்லாமல் கோட்டை ஓய்ந்தது. வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்ற தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி இன்றும் காணலாம். கோயிலும் பள்ளிவாசலும் தானியக் களஞ்சியங்களும் கல்யாண மகாலும் நிற்கின்றன. 2025 சூலையில் மராட்டியர் தொடர்பான 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று. மலையிலிருந்து இறங்கி ஒரு மண்டபத்து நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தோம். அச்சுவர்களில் கைக்கெட்டும் உயரம்வரை பெயர்களும் அம்பு பாய்ந்த இதயங்களும் கீறப்பட்டுக் கிடந்தன. "எவ்வளவு கெட்ட மனிதர்கள்!" என்று நாமெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோதே, நம் குழுவைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் தூணுக்குப் பின்னால் நின்று, வீட்டுச் சாவியால் பழைய சுண்ணாம்புப் பூச்சில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். இரண்டு எழுத்து முடிந்துவிட்டது. காவலாளி ஒருவர் கண்டுவிட்டார்.

அவர் கூச்சலிடவில்லை. அருகே வந்து, "தம்பி, எட்டு வருஷம் முற்றுகை போட்டவங்க உங்கிட்ட இருக்கிற சாவியை மறந்துட்டாங்க போல" என்றார். பெரியவர்களைப் பார்த்து, "கோயிலுக்குப் போற பிள்ளைங்க மாதிரி தெரியுது. நீங்களே சொல்லிக் குடுங்க ஐயா" என்றார். சட்டம் இதற்குச் சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

தந்தை அடிக்கக் கை ஓங்கினார். டீச்சரம்மா தடுத்தார். "ஏம்பா எழுதினே?" என்று மட்டும் கேட்டார். அவன் தலைகுனிந்து, "நான் வந்தது தெரியணும்னு" என்றான். ஒருவரும் பேசவில்லை. அரசர்கள் மலையை வளைத்து மதில் எழுப்பியதும் ஏறக்குறைய அதற்காகத்தானே? அவன் விரலால் தேய்த்துப் பார்த்தான். கீறல் போகவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேனின் கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருந்தான்.

குழாயடிக் கல்

சில வாரங்கள் சென்றன. ஒரு மாலை அந்தச் சிறுவனே நம்மைத் தேடி வந்தான். "பெரியவரே, ஒண்ணு காட்டணும், வாங்க" என்று அழைத்துப் போனான். நகரின் பழம் பங்குகளுள் ஒன்று அது, பெயர் வேண்டா. கோயிலின் பின்புறம் தண்ணீர்க் குழாய். அதனடியில் ஒரு நீண்ட கருங்கல் பலகை. பூச்சாடிகளைக் கழுவுவதும், கால் கழுவுவதும், விழா நாள்களில் சமையற் பாத்திரம் துலக்குவதும் அதன் மேல்தான். அவன் குனிந்து பாசியைத் தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்தான். ஓரத்தில் ஒரு சிலுவைக் குறி தெரிந்தது. அதன் கீழ் அயல்மொழி எழுத்துகளில் ஒரு பெயரின் பாதி; பிறகு 17 என்னும் எண். அடுத்த இரண்டு எண்கள் இல்லை. தேய்ந்துவிட்டன.

கல்லறைக் கல் அது. யாருடையதோ, எப்போது பெயர்த்தார்களோ, அங்கே அது எப்படி வந்ததோ! சதுரங்கப்பட்டினத்துக் கற்களைத் தடவிப் பார்த்திருந்தமையால், அந்த எழுத்தின் வடிவம் அவன் கண்ணில் பட்டுவிட்டது. நமக்குப் படவில்லை. முப்பது ஆண்டுகளாக அதே கல்லின் மேல் நின்று நாமும் கால் கழுவியிருக்கிறோம். சிறுவன் சாவியால் கீறியது இரண்டு எழுத்து. நாம் குதிகாலால் தேய்த்து அழித்தது ஒரு மனிதரின் பாதிப் பெயரையும் அவர் இறந்த ஆண்டையும். செஞ்சியில் அவனைக் கடிந்த நாம், இப்பொழுது அவன் முகத்தைப் பார்க்க இயலாமல் நின்றோம்.

பங்குத் தந்தையிடம் சொன்னோம். அவரும் அதுவரை அறியார். மறு வாரமே கல்லைப் பெயர்த்துக் கழுவி, மழை படாத சுவரோரம் நிறுத்திவைத்தனர். அதன்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசலாகாது என்று கோயிற்பிள்ளையிடம் சொல்லிவைத்தார் தந்தை. குழாயடியில் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. நவம்பர் 2 அன்று சகல ஆத்துமாக்கள் திருநாளில், பெயர் முழுதும் தெரியாத அவருக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றினார்கள். ஏற்றியவன் அந்தச் சிறுவன்.

அன்பர்களே, ஹவியேர் கோட்டையைப் பிற்காலத்தில் மீண்டும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நவார் மக்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாக அங்கே செல்கிறார்கள். அரசர்களின் ஆணை அங்கே தோற்றது. ஊரார் மறக்க மறுத்ததே காரணம். நம்மிடம் அத்தனை பெரிய வேலை எவரும் கேட்கவில்லை. சிறு வேலைகள் சில உள்ளன.

உங்கள் பங்கின் கோயிலை ஒருமுறை பிள்ளைகளோடு மெல்லச் சுற்றி வாருங்கள். தரையிலும் சுவரிலும் படிக்கட்டிலும் எழுத்துள்ள கல் இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் படம் எடுத்து, எழுத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பங்குத் தந்தையிடம் கொடுங்கள். உப்புத்தாளோ அமிலமோ வைத்துத் தேய்க்க வேண்டா; தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். கோயிலைப் புதுப்பிக்கும் குழுவில் இருப்போர், பளிங்குத் தளம் போடுமுன் அதன் அடியில் என்ன இருக்கிறதென்று ஒரு நாள் நின்று பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருப்பின், அவர்கள் திருமணம் எந்தக் கோயிலில் நடந்தது, பழைய கல்லறை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டே கேட்டு எழுதச் சொல்லுங்கள். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

கோடையில் வெளியே செல்ல வசதியுள்ளோர் ஒரு நாளில் சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும் பார்த்துத் திரும்பலாம். செஞ்சிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஸ்பெயினுக்குப் போக வாய்ப்புள்ளோர் போய் வாருங்கள். ஹவியேர் வாசலில் நின்று நம் சவரிமுத்துகள் அனைவருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.

எங்கள் அடுத்த பயணம் பழவேற்காட்டுக்கு. அங்கே டச்சுக்காரரின் கல்லறைகளும் மகிமை மாதா திருத்தலமும் உள்ளன. வேனில் இடம் பிடிக்க முதலில் பெயர் கொடுத்தவன், சாவிக்காரச் சிறுவன். இம்முறை அவன் கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்குமாம்.